என் வேலைக்கு வந்தவருக்கு நான் வைத்த பரீட்சை

எண்ணெய் விலை விழுந்ததும் ஹூஸ்டனில் ஜனங்கள் கடன் கட்ட முடியாமல் வீட்டுச் சாவியைக் கவரில் போட்டு பேங்குக்கே தபாலில் அனுப்பிவிட்டு ஊரைக் காலி செய்தார்களே, அந்த வருஷம். தேதி கேட்காதீர்கள், எனக்கு நிற்காது. கேட்டி என்கிற புறநகர்ப் பக்கம் ஒரே தெருவில் ஏழு வீட்டு வாசலில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அந்த ஊரில் புல் வெட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். சண்டைக்கு வரவும் ஆள் இல்லை. அந்தப் புல்லை வைத்துத்தான் எனக்கு வருஷம் ஞாபகம்.

இந்த நாட்டு ஹோட்டல் கிச்சன்களில் புதிதாக வந்து நிற்கிற மாஸ்டர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சாம்பார் எப்படி வைப்பது, கிரைண்டரை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாமலா விமானம் ஏறினீர்கள்? தெரியாமல் ஏறியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் சொல்ல வந்தது காகிதத்தைப் பற்றி. உங்களை இங்கேயே வைத்துக்கொள்ள உங்கள் முதலாளி சர்க்காரிடம் வாங்குகிறாரே, அந்த அனுமதியைப் பற்றி. அதன் சட்டத்தை வக்கீல் சொல்வார். அதில் நான் எங்கே வழுக்கி விழுந்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் மெட்ராஸில் பதினேழு வருஷம் தோசைக் கல்லில் நின்றவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் போகவில்லை. ஹூஸ்டனில் ஒருவர் பழைய பான்கேக் கடை ஒன்றை வாங்கி, சைவ ஹோட்டலாக மாற்றி, என்னைத் தற்காலிக விசாவில் கூப்பிட்டார். அந்த விசா அதிகமாகப் போனால் மூன்று வருஷம் நீட்டும். அதற்குள் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட வேண்டும். அம்பத்தூரில் என் மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். பெரியவளுக்குப் பதினேழு வயது. கார்டு வரும்போது பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகாமல் இருந்தால் அப்பாவோடு சேர்ந்து வரலாம். ஆகிவிட்டால் வர முடியாது. வக்கீல் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். மனு எந்தத் தேதியில் உள்ளே போகிறதோ அந்தத் தேதியில்தான் வரிசையில் நமக்கு இடம். அந்த வரிசையோ நம் ஊர் ரேஷன் கடை வரிசையை விட மெதுவாக நகரும். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பெரியவள் வந்துவிடுவாள், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான்.

முதலாளியின் பேரைச் சொல்ல மாட்டேன். பயந்து அல்ல, அவருக்கு அந்த மரியாதை எதற்கு என்றுதான். தினமும் இஸ்திரி போட்ட சட்டை. கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. லீவு நாளில் வேலைக்கு வரச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் தோளில் கை போட்டு, "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி மாஸ்டர்" என்பார். மற்ற நாளில் குடும்பத்தில் நான் இல்லை.

இப்போது அந்த அனுமதி எப்படி என்று கேளுங்கள். உங்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது, முதலாளி கையெழுத்துப் போட்டால் கார்டு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. "இந்த ஊரில் தேடினேன், இந்த வேலை தெரிந்த இந்த நாட்டு ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை, அதனால் இவரை வைத்துக்கொள்கிறேன்" என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். அதற்குப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். மாநில வேலைவாய்ப்பு ஆபீசில் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் அனுப்புகிற ஆளைக் கூப்பிட்டு ஒழுங்காகப் பேச வேண்டும். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று எழுத வேண்டும். கடைக்குள்ளேயும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் பத்து நாள் ஒரு நோட்டீஸ் தொங்க வேண்டும்.

எங்கள் முதலாளி அந்த நோட்டீஸைக் குளிர் அறைக் கதவுக்குப் பின்னால், துடைப்பம் மாட்டுகிற ஆணியில் மாட்டினார். அதைத் துடைப்பம்தான் படிக்க வேண்டும். தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைத் தாண்டித்தான் போவேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பாத்திரம் கழுவுகிற மெக்சிகோக்காரர் படித்துக் காட்டிச் சிரித்தார். நான் நின்று வேலை செய்கிற இடத்திலேயே என் வேலை காலி என்று பத்து நாள் தொங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், இந்த விஷயத்தில் நான் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவன் என்று. உறைக்கவில்லை.

ஆபீசிலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். முதல் ஆள் ஆறடி உயர வெள்ளைக்காரர். முப்பது வருஷம் காலைச் சிற்றுண்டிக் கடையில் நின்றவர். வந்ததும் கையைக் கழுவினார், கல்லைத் தொட்டுப் பார்த்து, "நல்ல கல்" என்றார். முதலாளியை விட அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. ஆனால் இட்லி என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டார். அவரே சிரித்து, கை கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் வரவேயில்லை. முதலாளிக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா மாஸ்டர், யு.எஸ். ஃபுல்லா தேடியாச்சு" என்றார். யு.எஸ். முழுக்கத் தேடியது எங்கே? துடைப்பத்துக்குக் கீழே.

மூன்றாவதாக வந்த பேரைக் கேட்டதும் அந்தக் குஷி போய்விட்டது. ஸ்டெல்லா.

ஸ்டெல்லாம்மாவை ஹூஸ்டன் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். பாளையங்கோட்டைக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெண்கள் காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டை மூன்று வருஷம் நடத்தியவர். இங்கே சர்ச்சில் கூட்டம் என்றாலும் அவர்தான், சங்கத்தில் பொங்கல் சாப்பாடு என்றாலும் அவர்தான். வீட்டுக்காரர் ராபர்ட், எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியர். அந்த வருஷம் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ராபர்ட் வேலைவாய்ப்பு ஆபீசில் வரிசையில் நின்றிருக்கிறார். கவுண்டரில் இருந்த அம்மாள் இவர் ஊரைக் கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துக் காட்டி, "இது உங்கள் ஊர்ச் சாப்பாடுதானே, இதைச் சமைக்கத் தெரிந்த யாரையாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். ராபர்ட், "என் வொய்ஃபுக்குத் தெரியும்" என்றிருக்கிறார். இரண்டு பேரிடமும் கிரீன் கார்டு இருந்தது. கார்டு இருந்தால் சட்டத்துக்கு அவர் இந்த நாட்டு ஆள்தான்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இது நம்ம ராபர்ட் வொய்ஃபா?"

"ஆமா சார்."

"இவங்களுக்கு எதுக்கு இந்த வேல? இஞ்சினியர் வொய்ஃப்!"

"இஞ்சினியருக்கே வேல இல்லியே சார்."

"அதுக்காக? நம்ம கிச்சன்ல ஒரு லேடி. அதுவும் வீட்டுல மீன் பொரிக்கிற கை. வெஜிடேரியன் கஸ்டமர் என்ன சொல்லுவான்?"

"போன மாசம் உங்க பையன் பர்த்டேக்கு அவங்கதான சார் மட்டன் பிரியாணி பண்ணாங்க?"

"அது வீடு மாஸ்டர். இது பிசினஸ்."

வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் வெள்ளைக்காரர், வயசானவர், சுருக்கமாகப் பேசுகிறவர். பெண் என்பதையும் மீனையும் எழுதினால் உங்கள் மேலேயே கேஸ் வரும் என்று சொல்லிவிட்டாராம். வேலை தெரியவில்லை என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லலாமாம். போனை வைத்துவிட்டு முதலாளி கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டினார். பிறகு முகம் மலர்ந்தது.

"நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? மாஸ்டர்தான டெஸ்ட் பண்ணுவார்? நீங்களே பண்ணிடுங்க."

இதைக் கேட்டதும் நான் பயந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் தொழிலில் பழக்கம் உங்களுக்குத் தெரியும். புது ஆள் வந்தால் முதலாளி ஒன்றும் கேட்க மாட்டார். பழைய மாஸ்டரிடம் அனுப்புவார். மாஸ்டர் ஆளைக் கல்லில் நிறுத்தி, அவன் போடுகிற தோசையைப் பிய்த்துப் பார்ப்பார். வாய் திறந்து நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டார். கல்லை விட்டு இரண்டு அடி நகர்ந்தால் வேலை கிடைத்தது. நகராமல் நின்றால் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்குப் பரீட்சை வைத்த கிழவர் நான் போட்ட நாலாவது தோசையில் நகர்ந்தார். பிறகு தனியாக ஒன்று சொன்னார்: "ஆள் பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லு. கல்லைக் கெடுத்து வச்சு ஆளைக் கெடுக்காத." எண்ணெய் ஏறாத கல்லில் நிறுத்திப் புது ஆளை விரட்டுகிற மாஸ்டர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். கிழவருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. எனக்கும் ஆகாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்லைக் கெடுக்கவில்லை. மாவைக் கெடுத்தேன். முதலாளிக்கு மாவைப் பற்றி என்ன தெரியும்? அந்த யோசனை அவருடையது இல்லை, என்னுடையது. ஸ்டெல்லாம்மா வருகிற அன்று காலையில் புதிதாக அரைத்தேன். புளித்த மாவைக் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டு, அரைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத மாவைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை ஊற்றினால் வெள்ளையாக, தோல் மாதிரி வரும். ஓரம் சிவக்காது. யார் பார்த்தாலும் கை வராதவர் போட்ட தோசை என்பார்கள்.

பத்து மணிக்கு வந்தார். காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. வீட்டிலிருந்தே ஏப்ரன் கொண்டு வந்திருந்தார்.

"வணக்கம் மாஸ்டர். கல்லு நடுவுல உள்ளதா, ஓரத்துல உள்ளதா?"

"நடுவுல."

மூடியைத் திறந்தார். ஒரு விரலால் தொட்டு மோந்தார். என்னைப் பார்த்தார்.

"எப்ப அரைச்சிய?"

"நேத்து" என்றேன். ஒரே வார்த்தை.

"நேத்தா?"

"இங்க ஏசி ஜாஸ்தி ஸ்டெல்லாம்மா."

"ஆமா. ஏசி ஜாஸ்திதான்" என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. முதலாளி கிளிப் போட்ட அட்டையில் தாளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், பெரிய பரீட்சை அதிகாரி மாதிரி.

"புளிச்ச மோர் கெடக்கா?"

நான் பதில் சொல்வதற்குள், "நீங்க நில்லுங்க, நானே எடுத்துக்கிடுதேன்" என்று கல்லுக்குக் கீழே இருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துத் தயிரை எடுத்தார். என் மாவை ஒதுக்கி வைத்தார். நாலைந்து பிடி ரவை, கொஞ்சம் அரிசி மாவு, வெந்நீர். கரைத்து மூடி வைத்தார். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி வாட்சைப் பார்த்தார். அந்த அம்மா பார்க்கவில்லை. பிறகு வெங்காயத்தை நறுக்கிக் கல்லைத் தேய்த்து, தண்ணீர் தெளித்து, வெளியிலிருந்து உள்ளே வட்டமாக ஊற்றினார். வலை வலையாக, ஓரம் பொன்னாக வந்தது. மெக்சிகோக்காரர் இரண்டு சாப்பிட்டார். கேஷில் உட்கார்கிற முதலாளியின் மச்சான் மூன்று சாப்பிட்டுவிட்டு, "செம ஆண்ட்டி" என்றான்.

முதலாளி, "இது சாதா தோசை இல்லியே" என்றார்.

"மாவு புளிக்காத அன்னைக்கு இதான் சார் தோச" என்றார் ஸ்டெல்லாம்மா. முதலாளிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு தோசை போட்டார். நான் கல்லை விட்டு நகரவில்லை. கால் நகர வேண்டும் என்று துடித்தது. அப்படியே அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பழக்கம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

"எப்பிடி இருக்கு மாஸ்டர்?"

"மாஸ்டர் அப்புறமா சொல்லுவார்" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

ஸ்டெல்லாம்மா கல்லைத் துடைத்துவிட்டுப் போனார். பரீட்சைக்கு வந்தவர் கல்லைத் துடைத்துவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க. பாஸா ஃபெயிலா?" என்றார் முதலாளி.

பெரியவள் முகம் வந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, வந்தது என்றுதான் சொல்கிறேன். "நம்ம கல்லுக்கு சரிப்படாது சார்" என்றேன். எழுதிக்கொண்டார். அடியில் நான் தமிழில் என் பேரைப் போட்டேன். எழுதத் தெரிந்த ஒரே சொல் அது, அதையும் அதற்குத்தான் பயன்படுத்தினேன்.

பிறகு முதலாளி வேலைவாய்ப்பு ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். வக்கீலிடம் காட்டவில்லை. வக்கீலை விடத் தனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று எண்ணம். எழுதி முடித்து, தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினார். "இருபது வருஷ அனுபவமுள்ள எங்க ஹெட் குக், எங்க ஊர் வழக்கப்படி, அவரே நேர்ல நின்னு இந்தப் பெண்மணியப் பரிசோதிச்சு, தகுதி இல்லைன்னு முடிவு பண்ணிருக்கார்னு போட்டிருக்கேன். உங்களப் பத்தி எப்படி எழுதிருக்கேன் பாருங்க மாஸ்டர்!" எனக்கு மூன்று வருஷம் கூட்டிக் கொடுத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். சந்தோஷமாகத்தான் ஆட்டினேன்.

மாதங்கள் போயின. ஒருநாள் வக்கீல் இரண்டு பேரையும் வரச் சொன்னார். அவர் முன்னால் சர்க்காரிடமிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் காட்டி முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டார். இவருக்குத்தானே நீங்கள் இந்த வேலையைக் கேட்கிறீர்கள்? ஆமாம் என்றார் முதலாளி. இவர்தானே அந்த அம்மாவைப் பரிசோதித்தவரும்? ஆமாம், எங்கள் ஊரில் மாஸ்டர்தான் பரிசோதிப்பார் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

வக்கீல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாருக்காக அந்த வேலை கேட்கப்படுகிறதோ அந்த வெளிநாட்டு ஆள், அதே வேலைக்கு வருகிற இந்த நாட்டு ஆளைப் பார்க்கவும் கூடாது, எடை போடவும் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். மனு விழப் போகிறது, பதில் சொல்லச் சில வாரம் இருக்கிறது என்றார். யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்ல வக்கீல் எதற்கு? என் தங்கையின் நாத்தனாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பாள். என் வேலையைக் கேட்டு வந்தவருக்கு நான் மார்க் போட்டால் என்ன மார்க் விழும்? இது உறைக்காமல் நானும் முதலாளியும் ஊர் வழக்கம், ஊர் வழக்கம் என்று இரண்டு மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து வக்கீல் கேட்ட கேள்விதான் என்னை அறைந்தது. உங்கள் கிச்சனுக்கு எத்தனை சமையல்காரர் வேண்டும்? இரண்டு, என்றார் முதலாளி. ஏனென்றால் நான் ஒருவனே இரண்டு ஆள் வேலையை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த அம்மாவை வேலைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டாவது இடம் என்று இவருக்கு அடுத்த மாதமே புது மனுப் போட்டிருக்கலாமே, என்னிடம் ஒரு போன் செய்திருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். முதலாளி கூரையைப் பார்த்தார். இரண்டு பேர் வைக்க அவருக்கு மனசு வராது, ஒரு போன் பேசவும் மனசு வராது. நான் பொய் சொன்னது இதற்காகத்தான்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் வண்டியை ஓட்டிக்கொண்டே முதலாளி அடுத்த வழி சொன்னார்.

"ஒரு சைன், அவ்ளோதான். டெஸ்ட் பண்ணது நான். நீங்க அன்னிக்கு ஓரமா நின்னு சட்னி அரைச்சிட்டிருந்தீங்க. லெட்டர்ல தப்பா எழுதிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்."

"அந்தம்மாவ கேட்டா சார்?"

"கேப்பாங்க. அவங்களுக்கும் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் போயிருக்கும். நீங்க போய்ப் பேசுங்க. உங்க மேல மரியாத இருக்கு."

மரியாதை இருந்த நாளை நானே முடித்துவைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெக்சிகோக்காரர் தன் பிக்கப்பில் என்னைக் கேட்டியில் ஸ்டெல்லாம்மா வீட்டில் கொண்டுவிட்டார். வாசலில் வீடு விற்பனைக்கு என்று பலகை. சின்னப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாம், தி தோசா மேன் இஸ் ஹியர்" என்று உள்ளே கத்தினாள். ஸ்டெல்லாம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ராபர்ட் டைனிங் டேபிளில் பேப்பரை விரித்து வேலை விளம்பரங்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். காபி வந்தது.

"லெட்டரப் பத்திக் கேக்கத்தான வந்திய? எழுதி அனுப்பியாச்சு மாஸ்டர்" என்றார் ஸ்டெல்லாம்மா.

"என்னம்மா எழுதினீங்க?"

"நடந்தத எழுதினேன். மாஸ்டர் டெஸ்ட் வச்சாரு, பன்னெண்டு தோச போட்டேன், வேல இல்லைன்னுட்டாங்க. அவ்வளவுதான்."

"மாவு..." என்றேன்.

"மாவப் பத்தி எழுதல."

"ஏம்மா?"

"எழுதுனா அந்த ஆபீஸ்காரனுக்கு என்ன வெளங்கும்? புளிச்ச மாவு, புளிக்காத மாவுன்னு. உங்களுக்கும் எனக்கும் வெளங்கும். அது போதும்."

நாலு பேர் நடுவில் நிற்க வைத்துச் செருப்பால் அடித்திருந்தால்கூட நான் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். இது துடைக்க வராது.

முதலாளி சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அசிங்கமாக இருந்தது. ராபர்ட் பேனாவை மூடினார்.

"மாஸ்டர், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க டெஸ்ட் பண்ணலன்னு சைன் போட்டா, இவ பொய் எழுதினதா ஆயிரும்லா? நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் வேல தேடித் தர வேண்டியது அந்த ஆபீஸ்தான். பொய் சொல்லுதவங்கன்னு ஒருக்கா ஆயிட்டா எப்பிடி அனுப்புவான்?"

ஸ்டெல்லாம்மா, "உங்களுக்கு எத்தன பிள்ளைய?" என்றார்.

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"எனக்கும் ரெண்டுதான்" என்றார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் முதலாளியிடம் சைன் போட மாட்டேன் என்றேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் பொய்க்குப் பேனாவைச் சந்தோஷமாகப் பிடித்தவன்தான் நான். இரண்டாவது தடவை கை வரவில்லை, அவ்வளவுதான்.

"உன்னால என் கேஸ் போச்சுய்யா" என்றார். அன்றுதான் 'நீங்க' போய் 'நீ' வந்தது. "நான் கூட்டிட்டு வரலைன்னா நீ இன்னும் அங்க கல்லுல நின்னுட்டிருப்ப!"

"இங்கயும் கல்லுலதான சார் நின்னேன்" என்றேன். மெக்சிகோக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

கேஸ் விழுந்தது. நான் வெளியே வந்த பிறகு முதலாளி ஸ்டெல்லாம்மாவுக்குப் போன் போட்டாராம், உடனே வாங்க என்று. அதற்குள் அவர் ஒரு ஆஸ்பத்திரிக் கிச்சனில் சேர்ந்திருந்தார். முதலாளியே இஸ்திரிச் சட்டையோடு கல்லில் நின்று பார்த்திருக்கிறார். வருஷம் திரும்புவதற்குள் கடை மூடியது. நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன்.

விசாவில் மிச்சம் இருந்த மாதங்களில் நியூஜெர்சியில் ஒருவர் என்னை எடுத்துக்கொண்டு புது மனுப் போட்டார். ஹூஸ்டன் தேதி செத்துப்போய், வரிசையின் கடைசிக்குப் போனேன். நோட்டீஸை இந்த முறை டைம் கார்டு அடிக்கிற இடத்துக்கு மேலே மாட்டினார்கள். ஆபீஸ் அனுப்பிய ஆள் ஒருவர் வருகிற அன்று, அந்த ஓனரும் ஊர் வழக்கப்படி, "மாஸ்டர், நீங்களும் ஒரு பார்வ பாத்துருங்க" என்றார். நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று கடை தள்ளியிருந்த லாண்டரியில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாருடைய துணியோ சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் கார்டு உள்ள ஒரு கயானாக்காரர், நம் வம்சாவளி, தொழில் தெரிந்தவர். அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, இன்னொரு இடம் காலி என்று மறுபடி முறையாகத் தேடி, எனக்கு அனுமதி வாங்கினார்கள். இது முதலிலேயே நடந்திருக்கக் கூடிய காரியம். மூளை வேண்டியதில்லை, நேர்மைகூடப் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு போன் போதும்.

விசா முடிந்ததும் அம்பத்தூர் போய்க் காத்திருந்தேன். ஹூஸ்டனில் நான் வீணாக்கியது பதினாலு மாதம். விசா இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்த அன்று பெரியவளுக்கு இருபத்தொன்று முடிந்து நாலு மாதம். கான்சலேட் கவுண்டரில் நாலு பாஸ்போர்ட்டில் மூன்றை வாங்கிக்கொண்டு, பெரியவளுடையதைத் திருப்பித் தள்ளினார்கள். அவள் அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லப்பா, தங்கச்சியாவது போகட்டும்" என்றாள். ஆட்டோவில் வரும்போது கேட்டாள்: "நாலே நாலு மாசம்தானப்பா, எங்க லேட்டாச்சு?" சர்க்கார் வேலை அப்படித்தான் என்றேன். இன்றைக்கு அவளுக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கும் இந்த நாட்டில் எத்தனையோ கிச்சனில் எத்தனையோ முதலாளிகள் மாஸ்டரின் தோளில் கை போட்டு, "நீங்களே ஒரு பார்வை பாத்துருங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாஸ்டர்களும் மீசையைத் தடவிக்கொண்டு போய் நிற்கிறார்கள். நீங்கள் போகாதீர்கள். உங்கள் வேலைக்கு ஒருவர் வருகிற அன்று கடையில் இருக்காதீர்கள். உங்களுக்கு அடுத்து ஊரிலிருந்து ஒருவன் வந்து இறங்குவான். பெட்டியைக்கூட அவன் பிரித்திருக்க மாட்டான். அவனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், என் பேரைச் சொல்ல வேண்டாம். அந்த அம்மாவின் பேரைச் சொல்லுங்கள்.